ஏழாம் நம்பர் வீட்டின் இன்னொரு சாவி

சோமசேகரன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் இருதயமேரி. பத்து வருஷம் சித்தாளாகக் கல் சுமந்தவள். பிறகு நாலு பேரைச் சேர்த்து ஓர் அறக்கட்டளை தொடங்கி, திருச்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தெருவில் படுத்திருப்பவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு கழிப்பறை. வாடகை அவரவரால் முடிந்த அளவு. வாரம் ஒருமுறை நர்ஸ் வருவாள். மாத்திரை போட மறப்பவர்களுக்கு ஞாபகப்படுத்த ஓர் ஆளும் உண்டு.

சோமசேகரன் அரசாங்கத்தில் முப்பத்துநாலு வருஷம் எஞ்சினியராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான ஆம்பூரில் இதேபோல் ஒன்று கட்ட ஆசை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்தார்.

கட்டுவதில் அவர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் உயிரை வாங்கியது வெள்ளையம்மா.

வெள்ளையம்மா பத்தொன்பது வருஷம் பிளாட்பாரத்தில் கிடந்தவள். ஏழாம் நம்பர் வீட்டை அவளுக்குக் கொடுத்தார்கள். சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துணிமூட்டையை உள்ளே வைத்தாள். பூட்டினாள். அப்புறம் எதிர்சாரியில் டீக்கடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான்.

சோமசேகரன் கட்டில் போட்டுப் பார்த்தார். தரையில் படுத்துப் பழகின உடம்பாயிற்றே என்று கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் போட்டார். ஃபேன் சத்தம் போடுகிறதோ என்று வேறு ஃபேன் மாட்டினார். கொசுவலை கட்டினார். மாரியம்மன் படம்கூட மாட்டினார். செவ்வாயும் வெள்ளியும் ஆபீஸ் பலகையில் தொங்கும் மாற்றுச் சாவிகளை எடுத்துக்கொண்டு போய் எல்லா வீட்டையும் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். குழாய் ஒழுகுகிறதா, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று. ஏழாம் நம்பரில் மட்டும் பாய் சுருட்டியது சுருட்டியபடியே சுவரில் சாய்ந்திருக்கும்.

அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை, தட்டச்சு செய்த கடிதத்தோடு குருவிடம் போனார். இருதயமேரி புதுக் கட்டடத்தின் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“என்னது சார்?”

“முப்பது நாள் தங்காத வீட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடணும். நம்ம விதி. வெள்ளிக்கிழமையோட வெள்ளையம்மாவுக்கு முப்பது நாள்.”

“அப்படி ஒரு விதியா? யாரு எழுதினது?”

“நான்தான். நீங்க சரின்னீங்களே.”

“சொல்லியிருப்பேன். அன்னிக்கு கான்கிரீட் போட்டுக்கிட்டு இருந்திருப்போம்.”

சோமசேகரன் சிரிக்கவில்லை. “நூத்துப் பதினேழு பேர் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. கைக்குழந்தையோட ஒருத்தி தினம் வந்து வாசல்ல நிக்கறா. இந்த மகராசி வீட்டைப் பூட்டி வெச்சுட்டு ரோட்டுல படுக்கறா. இவளுக்கு வீடு வேணுமா, வேணாமா? அதை எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?”

இருதயமேரி குழாயைக் கீழே போட்டாள். “வாங்க, போய்க் கேட்டுட்டு வருவோம்.”

அவர் தெருப்பக்கம் திரும்பினார். அவள் ஏழாம் நம்பருக்குப் போகும் மாடிப்படியில் ஏறினாள்.

“அம்மா, அவ டீக்கடையில உக்காந்திருக்கா.”

“வீட்டு விஷயத்தை வீட்டுலதானே சார் கேக்கணும்?”

அவர் பலகையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஏழாம் நம்பர் முன்னால் போய்ப் பூட்டில் சாவியை நுழைத்தார். இருதயமேரி அவர் கையைப் பிடித்தாள்.

“தட்டுங்க.”

“உள்ள ஆளே இல்லையேம்மா!”

“தட்டுங்க சார்.”

தட்டினார். கதவு அதிர்ந்தது. பதில் வரவில்லை.

“ஆள் இல்லை போல. நாளைக்கு வருவோம்” என்று அவள் இறங்கிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் இதே கதைதான். பூட்டின கதவு, அதைத் தட்டும் ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர், பக்கத்தில் பொறுமையாக நிற்கும் குரு. எதிர்சாரியில் டீக்கடைக்காரன் டீயை ஆற்ற மறந்து வேடிக்கை பார்த்தான். சோமசேகரனுக்குக் காது சிவந்தது. இதற்கா ஆம்பூரை விட்டு வந்தோம் என்று இருந்தது.

புதன்கிழமை அவர் தட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளையம்மாவே மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

“மூணு நாளா யாரைத் தேடுறீங்க?”

“உங்களைத்தான்” என்றாள் இருதயமேரி.

“நான் அங்கதானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்? கண்ணு தெரியலையா?”

“வீட்டுல இருக்கீங்களான்னு பாக்க வந்தோம்.”

“இல்லையே!” வெள்ளையம்மா சிரித்துவிட்டாள். பிறகு சோமசேகரனின் கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “எஞ்சினியரு கையில எதுக்கு என் சாவி?”

“இது மாத்துச் சாவி. ஒரு ஆத்திர அவசரத்துக்கு.”

“நான் தூங்குறப்பவும் இது திறக்குமா?”

“திறக்கும்தான். ஆனா சும்மா எல்லாம் திறக்க மாட்டோம்.”

“பிளாட்பாரத்துல எவன் வந்தாலும் பத்தடி தள்ளியே செருப்புச் சத்தம் கேக்கும். ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஒரு கண்ணால பாத்துக்குவேன். இங்க கதவைச் சாத்திட்டா அந்தப் பக்கம் எவன் நிக்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சோமசேகரன் வாயைத் திறப்பதற்குள், இருதயமேரி அவர் விரலிலிருந்து சாவியை உருவி வெள்ளையம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“வேற சாவி கிடையாது. உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கு.”

வெள்ளையம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனாள். நேரே டீக்கடைக்குத்தான்.

“பாத்தீங்களா?” சோமசேகரன் கொதித்தார். “போச்சு! நாளைக்கே இவ உள்ள மயங்கி விழுந்தா என்ன பண்ணுவீங்க?”

“கதவை உடைப்போம்.”

“உடைப்பீங்களா?”

“நாமதானே சார் செஞ்சு மாட்டினது? இன்னொண்ணு செய்யத் தெரியாதா?”

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்கப் புதுக் கட்டடத்து மின் இணைப்புக்காக அலைந்ததில் வெள்ளையம்மாவை அவர் மறந்தே போனார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, புதுக் கட்டடத்துக்கு உதவி செய்கிற கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒரு வீட்டை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். அழுக்குப் படாமல் பளிச்சென்று இருப்பது ஏழாம் நம்பர்தான். காட்டின மாதிரியும் ஆச்சு, முப்பதாம் நாள் ஆள் இல்லை என்று நாலு பேர் முன்னால் உறுதி செய்த மாதிரியும் ஆச்சு. கடிதம் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

கதவருகில் போன பிறகுதான் சாவி அவளிடம் இருப்பது நினைவு வந்தது; டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தால் அவளைக் காணோம். தள்ளினார். அசையவில்லை. தட்டினார்.

“யாரு?”

“நான்தான், எஞ்சினியரு. கதவைத் திற. பெரியவங்க வந்திருக்காங்க.”

“தூங்குறேன்.”

“அஞ்சு நிமிஷம்தான். பாத்துட்டுப் போயிடுவாங்க.”

“ஒருவாட்டி சொன்னாப் புரியாதா சார்? தூங்குறேன்னு சொல்றேன்ல!”

மறுபடி தட்டினார். பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. நாலு பேரில் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

சோமசேகரன் தடதடவென்று இறங்கி வந்தார். இருதயமேரி செங்கல்லை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தாள்.

“கதவைத் திறக்க மாட்டேங்கறாம்மா! ஊர்ல இல்லாத அதிசயமா, பட்டப்பகல்ல பதினோரு மணிக்குத் தூங்குறாளாம்!”

“எங்க தூங்குறா?”

“உள்ளதான். தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

“அந்த நாலு பேரும் படியில வெயில்ல நிக்கறாங்கம்மா. நான் அவங்ககிட்ட என்னன்னு போய்ச் சொல்றது?”

இருதயமேரி அடுத்த செங்கல்லைக் கையில் எடுத்தாள்.

“வீட்டுக்காரம்மா தூங்குறாங்கன்னு சொல்லுங்க சார்.”