புங்கமரத்துச் சண்டை

கண்மாய்க் கரையில் ஒரு புங்கமரம். அதில் சுருக்கன் என்றொரு கதிர்க்குருவி குடியிருந்தான். உடம்பு கட்டைவிரல் அளவு. கோபம் மட்டும் மரத்தளவு!

இமயமலையில் குளிர் தொடங்கியதும் கதிர்க்குருவிகள் தெற்கே வரும். பங்குனி முடிவதற்குள் திரும்பிவிடும். இங்கே இருக்கும் மாதங்களில் ஆளுக்கொரு மரம். "இது என் மரம்! இது என் மரம்!" என்று கத்திக் கத்திக் காவல் காக்கும். ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் வயிறு முட்டத் தின்பதுதான் வேலை. நெஞ்சில் கொழுப்பு ஏறாத குருவி பாதி வழிகூடப் போய்ச் சேராது.

கிளம்பப் பத்து நாள் இருந்தது. சுருக்கன் ஒரு பச்சைப்புழுவைக் கவ்வினான். அப்போது கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"இது என் மரம்!"

சுருக்கன் வாயிலிருந்து புழு விழுந்தது.

"எவன்டா அவன்? ஆறு மாசமா நான் காத்த மரத்துல வந்து நின்னு பேசறவன்! வெளிய வாடா!"

கிளை கிளையாகத் தேடினான். எதிரியைக் காணோம். மரத்தடியில் தொப்பி போட்ட ஒரு மனிதன்தான் நின்றான். கழுத்தில் கேமரா, கையில் சின்னப் பெட்டி. மறுநாளும் அதே மனிதன், அதே குரல். அதற்கடுத்த நாளும் அப்படியே. சுருக்கன் பொழுதெல்லாம் கத்தினான். ஒரு வாய்கூட ஒழுங்காகத் தின்னவில்லை.

பக்கத்து மரத்திலிருந்து தங்கை மின்னி பறந்து வந்தாள்.

"அண்ணே, ரெண்டு புழுவாவது தின்னுட்டுக் கத்துங்க! கிளம்ப ஆறு நாள்தான் இருக்கு!"

"மானம் போறப்ப சோறு என்ன சோறு!"

மேல்கிளையில் இருந்த கரிச்சான் குருவி சிரித்தான். "டேய், கத்துறது அந்தப் பெட்டிடா! அமுக்கினா கத்துது, விட்டா நிக்குது. உன்னைக் கீழே இறக்கிப் படம் பிடிக்கத்தான் இந்த வேலை!"

"ஊரார் குரலையெல்லாம் திருடிக் கத்துறவன் நீ! எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?"

"அதனாலதான் எனக்குத் தெரியுது. பாம்பின் கால் பாம்பறியும்! அதோட, ஒரு வாரத்துல நீயே காலி பண்ணப் போற மரம்தானே இது?"

"அது அப்புறம்! இன்னைக்கு இது யார் மரம்?"

கரிச்சான் தலையில் அடித்துக்கொண்டான். கொழுப்பு நெஞ்சில் ஏற வேண்டிய நேரத்தில் இவனுக்கு வாயில் ஏறியிருந்தது!

பத்தாம் நாள் காலை. கத்திக் கத்திச் சுருக்கன் தாழ்ந்த கிளைக்கே வந்துவிட்டான். 'கிளிக்' என்றது கேமரா. மனிதன் பெட்டியைப் பைக்குள் போட்டான், வண்டியை எடுத்தான், போயே போய்விட்டான். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், "ஆகா, எவ்வளவு ஆனந்தமாப் பாடுது!" என்று மெச்சினார்களாம். பட்டினி கிடந்து தொண்டை கிழியக் கத்தியது அவர்களுக்குப் பாட்டு! அவனுக்கென்ன, படம் கிடைத்தது. குருவியின் வயிற்றைப் பற்றி அவன் ஒரு கணம் நினைத்திருப்பானா?

குரல் அடங்கியதும் சுருக்கன் நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தீங்களா! ஓடிட்டான்!"

அன்று பொழுது சாயும்போது தெற்குக் காற்று எழுந்தது. கூட்டம் கிளம்பியது. சுருக்கனும் பறந்தான். கண்மாயைத் தாண்டினான். எதிர்க்கரைப் பனைமரத்தை எட்டுவதற்குள் மூச்சு முட்டியது. இறக்கை சொன்னபடி கேட்கவில்லை.

"அண்ணே, வாங்க! வாங்கண்ணே!"

மின்னியின் குரல் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிட்டது.

சுருக்கன் தட்டுத்தடுமாறிப் புங்கமரத்துக்கே திரும்பினான். மேல்கிளையில் கரிச்சானையும் காணோம். மரம் முழுக்க இப்போது அவனுடையது. "இது என் மரம்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். இல்லை என்று சொல்லக்கூட அங்கே ஒருவரும் இல்லை.

வம்புக்கு இழுக்கிற குரலுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவன், தான் போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேரமாட்டான்.