பூவாயி கையில் விழுந்த முண்டு

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மாடும் பேசும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, உடம்புக்குள் இருக்கிற எலும்புகளும் பேசும். இருநூற்றுச் சொச்சம் எலும்பும் பேசினால் மனிதர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எப்படியோ தூங்கினார்கள். ஆனால் ஒன்று, ஒடிந்த எலும்பு மட்டும் யாருக்கும் ஒட்டியதே இல்லை.

மலையடிவாரத்தில் பூவாயி என்று ஒருத்தி இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஓடைப் பாறையில் பாசி வழுக்கிவிட, வயிற்றைக் காப்பாற்ற வலது கையை ஊன்றி விழுந்தாள். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எலும்பு இரண்டு துண்டாகிவிட்டது.

"பிள்ளையை ஒத்தைக் கையால எப்படி மாமா தூக்குவேன்?" என்று புருஷன் மாசாணத்திடம் அழுதாள்.

ஊர் சும்மா இருக்குமா? விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். அதுதான் ஊர் வழக்கம். ஆட்டாமல் போனால் அக்கறை இல்லாதவள் என்று பேர் வந்துவிடும். மாமியார் சிட்டம்மாவுக்குப் பாசம் அதிகம். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஆட்டினாள்.

"இப்பதான் பக்கத்துல வந்து உக்காந்தேன், அதுக்குள்ள இழுத்துட்டாங்களே" என்று கைக்குள்ளே ஒடிந்த எலும்பின் மேல்துண்டு புலம்பியது. கீழ்துண்டும் ஒப்பாரி வைத்தது. அது பூவாயி காதில் விழுந்தது. நேரே கொல்லைப்புறத்து மூங்கிலிடம் போய் வழி கேட்டாள்.

"கையை நேரா இழுத்து வை தாயி. என்னைப் பிளந்து, சுத்தி வச்சுக் கட்டு. முழங்கையும் அசையக் கூடாது, மணிக்கட்டும் அசையக் கூடாது" என்றது மூங்கில்.

மாசாணம் அப்படியே கட்டினான். சாயங்காலம் சிட்டம்மா வழக்கம்போல வந்து கையை நீட்டினாள்.

"அத்தை, தொடாதீங்க" என்றாள் பூவாயி.

மாமியாரைப் பார்த்து ஒரு மருமகள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சிட்டம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பூவாயிக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் கட்டை அவிழ்க்கவில்லை.

உள்ளே இரண்டு துண்டுக்கும் போக்கிடம் இல்லை. முதலில் நீயா நானா என்று முறைத்துக்கொண்டன. பத்தாம் நாள் பிசுபிசுவென்று ஒட்டின. ஒன்றரை மாதத்தில் ஒன்றாகிவிட்டன. எதற்கும் இருக்கட்டும் என்று சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகவே பூசிக்கொண்டன.

கட்டை அவிழ்த்த பதினைந்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. பூவாயி இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல. சிட்டம்மா கோபமெல்லாம் மறந்து ஓடிவந்து மருமகள் கையைத் தடவினாள்.

"என்னடி இது, இங்க முண்டு மாதிரி புடைச்சிருக்கு?"

"நீங்க மறுபடி ஆட்டிருவீங்களோன்னு பயந்து போட்டதுதான்" என்றது எலும்பு.

சிட்டம்மாதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று முதல்தான் ஒடிந்த எலும்பை நேராக்கி அசையாமல் கட்டினால் தானே ஒட்டிக்கொள்கிறது. இன்னும் பயம் விடாமல், ஒட்டிய இடத்தில் ஒரு முண்டும் போட்டுக்கொள்கிறது.