ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம்

திருடன் என்ற வார்த்தையை மட்டும் இருளப்பனால் தாங்கவே முடியாது. வேறு என்ன சொல்லித் திட்டினாலும் சிரித்துவிட்டுப் போகிற ஆள்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், டேங்கில் டீசல் குறைகிறது என்று முதலாளி ஒருத்தன் அத்தனை பேர் முன்னாலும் அவரை அப்படிக் கூப்பிட்டான். டேங்க் ஒழுகியது பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? வாய் திறந்து ஒரு வார்த்தை வருத்தம் சொன்னானா அந்த மனுஷன்? சாவியை அவன் மேசையில் வீசிவிட்டு வந்தவர்தான், அப்புறம் லாரிப் பக்கமே போகவில்லை.

போடி மலையடிவாரத்தில் ஜைத்தூன் நடத்துகிற ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டார். அவளுக்கு முப்பது தாண்டிக் கொஞ்சம். இவருக்குத் தலை முழுக்க நரை. "மகள் வயசுப் பொம்பளைகிட்டப் போயா ஸ்பேனர் பிடிக்கப் படிக்கிறே?" என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டார். அவளை "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிட்டார். முதலில் விளையாட்டுக்கு, போகப்போக மெய்யாகவே.

அன்றைக்குக் காலையில் அதே வார்த்தை அங்கேயும் அவரைத் தேடி வந்துவிட்டது.

வந்தவன் சவரிமுத்து. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற பிக்கப் அவனுடையது. போன மாதம்தான் அந்த வண்டிக்கு, என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற டர்போவைப் புதிதாக மாட்டியது. யார் துணையும் இல்லாமல் இருளப்பன் தன் கையால் மாட்டிய முதல் டர்போ அது. தோட்டத்துப் பெண்கள் பின்னால் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருக்க, வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அவன் கத்தினான்.

"ஏத்தத்துல ஆம்புலன்ஸ் கணக்கா ஊளையிடுது. இழுக்கவே மாட்டேங்குது, கரும்புகையாக் கக்குது. புதுசுன்னு சொல்லிப் பழசைத் தலையில கட்டிட்டீங்கள்ல? இது திருட்டுத்தனம் இல்லாம வேற என்ன?"

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

இருளப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைப் பார்த்து என்ன பேசறே? பெட்டியை உன் கண்ணு முன்னாலதானே பிரிச்சேன்! நீ பண்ற வேலைக்கு எந்த டர்போடா தாங்கும்? மலை ஏறி அது செக்கச்செவேல்னு காய்ஞ்சு கிடக்கிறப்போ, கருப்பன் வளைவுல நிறுத்திப் படக்குனு அணைக்கிறே. அணைச்சா ஆயில் போறது நின்னுபோகும். உள்ள பேரிங் வெந்துபோகும். பழைய டர்போவை அப்படித்தான் கொன்னே, இப்ப இதையும் கொன்னுட்டே. கொன்னுபுட்டு நான் திருடனா?"

கருப்பன் வளைவு மலை ரோட்டில் பாதிக்கு மேலே இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கருப்பசாமிக்குச் சூடம் கொளுத்தாமல் எந்த டிரைவரும் தாண்ட மாட்டான். என்ஜின் உறுமிக்கொண்டிருக்கச் சாமி முன்னால் நிற்பது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம்.

"நான் அணைக்கிறதில்லையே" என்றான் சவரிமுத்து.

"புளுகாதே! நானும் டிரைவரா இருந்தவன்தான். சாமி முன்னால அணைக்காம நிக்கிற டிரைவர் எவன்டா இருக்கான் இந்த மலையில? வாயைத் திறந்தாலே பொய்!"

"சத்தியமா அணைக்கிறதில்ல."

"கேட்டுக்கங்கய்யா எல்லாரும்! இந்தப் புளுகன் என்னைத் திருடன்ங்கிறான்!"

ஜைத்தூன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சவரிமுத்துவை வண்டியில் ஏறி ரேஸ் பண்ணச் சொன்னாள். என்ஜின் உறுமியது. கொஞ்ச நேரம் குனிந்து கேட்டாள். ஊளையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"வாத்தியாரம்மா, சொல்லுங்க. யார் மேல தப்பு? இங்கேயே எல்லாரும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. என் பேரு கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு எவன் என்னை நம்பி வண்டி விடுவான்?"

"மலைக்குப் போவோம்" என்றாள் அவள்.

"எதுக்கு? இவன் புளுகுறான்னு சொல்றதுக்கு மலை ஏறணுமா?"

"அந்தப் பொம்பளைங்களும் இருக்கட்டும். பாரத்தோட ஏறிப் பார்ப்போம்."

இருளப்பனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இத்தனை நாள் கூடவே நின்று உழைத்தவனுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசினால் வாய் தேய்ந்தா போகும்? இந்தப் பயல் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு பின்னால் ஏறிப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டார். ஜைத்தூன் முன்னால் ஏறினாள்.

அடிவாரம் தாண்டுகிற வரைக்கும் அவர் ஓயவில்லை. தான் எப்படிப் பார்த்துப் பார்த்து மாட்டினோம், இவன் எப்படி நன்றி கெட்டவன் என்று அவர்களிடம் கொட்டித் தீர்த்தார். எதிரே இருந்த பேச்சி என்கிற பெண் மட்டும் "ம்" கொட்டினாள். தோட்டத்துப் பெண்களில் மூத்தவள் அவள்தான்.

முதல் வளைவு ஏறியதும் வண்டி திணறியது. புகை பின்னால் சுழன்று வந்தது, பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். கூடவே அந்த ஊளை. ஊய்ய் என்று ஆரம்பித்து, அழுத்த அழுத்த உச்சத்துக்குப் போனது.

"கேட்டியா தாயி! பேரிங்! நான் சொன்னேன்ல!"

அதன் அடியில் புஸ்ஸென்று இன்னொரு சத்தமும் இருந்தது. அது அவர் காதில் ஏறவில்லை.

கருப்பன் வளைவு வந்தது. வண்டி நிற்கும் முன்பே இருளப்பன் குதித்து இறங்கினார்.

"இப்ப பாருங்க வாத்தியாரம்மா, அணைப்பான்!"

சவரிமுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். டயருக்குப் பின்னால் கல்லை வைத்தான். செருப்பைக் கழற்றினான். சூடம் ஏற்றிக் கும்பிட்டான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

அங்கே நின்ற ஜீப் டிரைவர் ஒருவன் அவனைப் பார்த்துக் கத்தினான். "ஏண்டா, உனக்கு என்னைக்குத்தான்டா புத்தி வரும்? சாமி முன்னால அணைச்சுட்டு நின்னா குறைஞ்சா போயிருவே?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு மாசமாத் தினம் இந்தப் பேச்சுத்தான் வாங்குது இந்தப் புள்ள" என்றாள் பேச்சி, வண்டியில் இருந்தபடியே. "பூசாரி திருநீறு குடுக்க மாட்டேன்னுட்டாரு. 'இருளப்பண்ணன் உடனே அணைக்காதேன்னு சொல்லிருக்காரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுது."

இருளப்பன் அப்படிச் சொன்னது வாஸ்தவம்தான். போன மாதம் சாவியைக் கொடுக்கும்போது போகிறபோக்கில் சொன்னது. எவன் கேட்கப்போகிறான் என்று நினைத்துச் சொன்னது.

என்ஜின் சூடு தணியட்டும் என்று ஜைத்தூன் காத்திருந்தாள். பிறகு அணைக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, டர்போவிலிருந்து போகிற ரப்பர் ஹோஸைப் பிடித்து இழுத்தாள். ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போட்டது போட்டபடி இருக்க, ஹோஸ் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே விரல் விட்டு டர்போவின் காற்றாடியை ஆட்டிப் பார்த்தாள். லேசாகச் சுற்றியது, பக்கவாட்டில் ஆட்டமே இல்லை. பேரிங் கெட்டியாக இருந்தது.

ஹோஸை இருளப்பன் கையில் கொடுத்தாள். உள்வாய் முழுக்க கிரீஸ்.

அவர் தடவியதுதான். மாட்டுகிற அன்றைக்கு ஹோஸ் இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் கிரீஸ் தடவினார், வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. என்ன சாமர்த்தியம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் அது அசையாது. பாரத்தோடு ஏறும்போது டர்போ காற்றை அமுக்கித் தள்ளுமே, அந்த வேகத்தில் கிரீஸில் வழுக்கி விளிம்புக்கு வந்திருக்கிறது. அந்த இடுக்கில் காற்று பீறிட்டதுதான் ஊளையும் அதன் அடியில் இருந்த புஸ்ஸும்; என்ஜினுக்குக் காற்று போதாமல் போனதுதான் கரும்புகை.

"என்னக்கா, பேரிங்கா?" என்று சவரிமுத்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணன் சொல்லுவாரு" என்றாள் ஜைத்தூன்.

மலை ரோட்டுக் குலுக்கலில் கிளாம்ப் தளர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. கிரீஸைத் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஜீப் டிரைவர் வேறு பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"டர்போ நல்லா இருக்கு" என்றார் இருளப்பன். "நான்தான் ஹோஸ்ல கிரீஸைத் தடவி மாட்டிட்டேன். தடவக் கூடாது. தப்பு என்னுது. நீ ஒண்ணும் பொய் சொல்லல."

சவரிமுத்து அவரையே பார்த்தான்.

"அப்ப டர்போ புதுசுதானா?"

"புதுசுதான்."

"நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

இருளப்பன் சோப்புத் தண்ணீர் விட்டு ஹோஸைக் கழுவினார். காயத் துடைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி மாட்டி, கிளாம்பை விளிம்பில் இல்லாமல் உள்ளே தள்ளி முறுக்கினார். பெண்களோடு வண்டி மேலே ஏறியது. அடுத்த வளைவு வரை காது கொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

இறங்குகிற பஸ்ஸுக்காக இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்றார்கள். இருளப்பனால் அடக்க முடியவில்லை.

"உங்களுக்குக் கீழேயே தெரியும்."

ஜைத்தூன் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடித்தாள்.

"தெரியும்! தெரிஞ்சே என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க. அந்தப் பயலை ஊரைக் கூட்டிப் புளுகன்னு கத்தினேனே, அப்பவே 'அண்ணே, வாயை மூடுங்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல? இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்து, தலையைத் தொங்கப்போட வச்சுட்டீங்களே! சொல்லிக்குடுக்கிறவங்க பண்ற வேலையா இது?"

வளைவில் பஸ் திரும்பியது. ஜைத்தூன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கீழே எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. வண்டி போட்ட சத்தமும் சரியாத்தான் இருந்துச்சு, நீங்க பேசினதும் சரியாத்தான் இருந்துச்சு. அதான் ரெண்டையும் மலை ஏத்திப் பார்ப்போம்னு கூட்டிட்டு வந்தேன்."