கறுப்புப் பூத்த வைக்கோல் போர்

“கறுப்புப் பூத்த வைக்கோல் மாட்டுக்கும் ஆவாது, மனுசனுக்கும் ஆவாது. அதனால அதை எடுத்து...”

எடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஆவுடையப்பனின் மாமனார் சொல்லத்தான் சொன்னார். சொன்ன இடம் கோயில் கொடைத் திருவிழா. அந்த நேரம் பார்த்து மேளக்காரர் ஓங்கி அடித்ததில் மீதிப் பேச்சு போயே போயிற்று. அடுத்த கொடைக்குள் மாமனாரும் போய்ச் சேர்ந்தார். ஆவுடையப்பனின் ஊர் கூளப்பேரி. கூளப்பேரிக்காரர்களுக்கு அறிவு எப்போதும் பாதிதான் வந்து சேரும். வந்த பாதியையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். பயன்படுத்திவிட மாட்டார்கள்.

அந்த ஊரில் ஒருவனுடைய மதிப்பு என்பது அவன் வீட்டு வைக்கோல் போரின் உயரம். படிப்பு, குணம், பல் விளக்கும் பழக்கம் எதையும் அங்கே யாரும் கேட்பதில்லை. ஆவுடையப்பன் போர்தான் ஊரிலேயே உயரம். அறுப்பு சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் வைக்கோல் காயட்டும் என்று விட்டுவைத்தார்கள். புத்தியால் அல்ல, சோம்பலால். இவனோ ஈரத்தோடு அள்ளி அடுக்கினான். ஈர வைக்கோல் உப்பி நிற்கும், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைப்பு.

கொஞ்ச நாளில் போர் உள்ளே கறுத்துப்போனது. ஒரு பிடி உருவினால் கரித்தூள் மாதிரி பறந்தது. அதைத் தின்ற செவலைப் பசு, அதுவும் நிறைசினை, இரும ஆரம்பித்தது. பிறகு தீவனத்தில் வாயே வைக்கவில்லை. செவலை இருமினால் ஆவுடையப்பன் கையிலெடுத்த சோற்று உருண்டையைக் கீழே வைத்துவிடுவான். அவ்வளவு பிரியம்.

மச்சினன் சங்கிலிபூதத்தானும் பக்கத்து வீட்டுக் குத்தாலமும் ஆலோசனைக்கு வந்தார்கள்.

“எங்க அய்யா சொன்னதை யோசிச்சுப் பாரும் அத்தான். மாட்டுக்கும் ஆவாது, மனுசனுக்கும் ஆவாது. அப்போ மிச்சம் யாரு?” என்றான் சங்கிலிபூதத்தான்.

குத்தாலம் நெடுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “ஆடு,” என்றார்.

ஆட்டுக்குப் போட்டார்கள். அது மோந்து பார்த்தது, தும்மியது, திரும்பி நடந்தது. அன்றைக்கு அந்த ஊரில் உருப்படியாக முடிவெடுத்தது அந்த ஆடு ஒன்றுதான்.

கடைசியில் மாட்டு டாக்டரம்மா வந்தார். “இது பூஞ்சணம். மண்ணுல, காஞ்ச இலையில எங்கேயும் கிடக்கிறதுதான். ஈரம் கிடைச்சா பெருகிடும். இந்தத் தூசி மூச்சுல போனா மாட்டுக்கு இருமல், உங்களுக்கு இழுப்பு. இதைத் தின்னா வயித்துக் கன்னுக்கும் ஆபத்து. மாட்டையும் வைக்கோலையும் ஒண்ணா வைக்காதீங்க. கிளறும்போது மூக்கு, வாய்க்கு ஈரத்துணி கட்டுங்க. மாட்டுக்குப் பசும்புல் போடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“ஈரத்துணி யாருக்குக் கட்ட?” என்றான் ஆவுடையப்பன்.

“இருமுறது யாரு? செவலைதானே!” என்றான் சங்கிலிபூதத்தான்.

கட்டப் போன ஆவுடையப்பனைச் செவலை எட்டி உதைத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவனிடம் குத்தாலம் நிதானமாகச் சொன்னார்: “தூசி எங்கேருந்து வே வருது? போர்லேருந்து. போருக்குல்லா கட்டணும்!”

ஆவுடையப்பன் மனைவி பேச்சியம்மாளின் சேலைகளையெல்லாம் நனைத்துப் போரைச் சுற்றிக் கட்டினார்கள். துணி காய்ந்துவிடாதபடி தினமும் தண்ணீர் தெளித்தார்கள். பூஞ்சணம் தன் பரம்பரையிலேயே அப்படியொரு உபசாரத்தைக் கண்டதில்லை.

அடுத்து, மாட்டையும் வைக்கோலையும் பிரிக்க வேண்டும். போரைப் பிரித்து வேறு இடத்தில் அடுக்கினால் ஒரு முழமாவது இறங்கிவிடும். ஆவுடையப்பன் அதற்கு ஒப்புவானா? செவலையை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டினான். வீட்டில் இடம் போதாமல், பெண்டாட்டியோடு போரை ஒட்டியிருந்த தொழுவத்துக்குக் குடிவந்தான்.

வீட்டுக்குள் பசும்புல் தின்ற செவலைக்கு இருமல் நின்றது. நல்லபடியாகக் கன்றும் போட்டது. தொழுவத்தில் புருஷனும் பெண்டாட்டியும் விசில் ஊதுவதுபோல் இழுத்துக் கிடந்தார்கள்.

“மாட்டுக்கு ஃபேனைப் போட்டுட்டு நாம இங்கன கிடந்து இழுக்கோமே, இது நல்லாருக்கா? என் சேலையையாவது அவுத்துத் தாரும்,” என்றாள் பேச்சியம்மாள்.

“டாக்டரம்மா மாட்டைத்தானே தள்ளி வைக்கச் சொன்னாங்க? நம்மளைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாங்களாட்டி?”

கன்றைப் பார்க்க வந்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். “இன்னுமா இதை வச்சிருக்கீங்க? ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கணும்!”

ரெண்டில் எது? மாடா, போரா? மறுபடி கூடினார்கள். ஆவுடையப்பன் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மூச்சு இழுக்க இழுக்க அழுதான்.

“அழாதீரும் அத்தான். செவலை பால் தரும், வாஸ்தவம். ஆனா ரோட்டுல போறவன் நின்னு பார்க்கானா?” என்றான் சங்கிலிபூதத்தான்.

“போரை நின்னு பார்க்கான்,” என்றார் குத்தாலம். “நின்னு, தும்மிட்டு, அப்புறந்தான் போறான்.”

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்தான். செவலையைக் கன்றோடு விற்று, அந்தக் காசில் போருக்குப் புதுச்சேலை எடுத்து நனைத்துக் கட்டுவது என்று முடிவு செய்தான்.