ஒற்றைக் கழல்

விடையைக் கதைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். பொறுக்கிக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

செம்மாடபுரி என்ற தலைநகரை எதிரி பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அரசர் ஆற்றங்கரையில் பாசறை போட்டிருந்தார். அவருடைய படைத்தலைவர்கள் ஆதனும் வில்லவனும். ஒருவனுக்குப் புதுப் பல்லக்கு வந்தால் மற்றவனுக்கு அன்று சோறு இறங்காது.

ஒரு நண்பகலில் அரசர் பறை அறைவித்தார். “இந்தப் பறை ஓய்ந்தபின் நகருக்குள் முதலில் காலடி வைப்பவருக்கே என் தந்தையின் வீரக்கழல்.”

கழல் ஒன்றுதான். இருவர் வயிறும் அப்போதே எரியத் தொடங்கிவிட்டது.

பறை முழங்கியபோது ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள் சேந்தி, நகரத்து வண்ணாத்தி. ஊரைப் பறித்தவனுக்கும் வெளுத்த வேட்டி வேண்டுமே, அதனால் காவலர்கள் அவளை மட்டும் தினமும் வெளியே விட்டார்கள். கிழக்கு வாயிலின் தாழ்மரம் உளுத்துப்போனதை அரசரிடம் சொன்னவள் அவள்தான். மறுநாளைய திட்டத்தையும் கேட்டுக்கொண்டு, மாலையில் மூட்டையோடு உள்ளே திரும்பினாள்.

திட்டம் இதுதான். விடியலில் வில்லவன் மதிலேறிக் குதித்து வெள்ளைத் துணி காட்ட வேண்டும். அதைக் கண்டதும் ஆதன் யானையைவிட்டு வாயிலை உடைக்க வேண்டும்.

வில்லவன் குதித்தான். துணியை மட்டும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் ஆதன் யானைமேல் வருவான், ஊர் அவனைத்தான் பார்க்கும். அந்த நினைப்பே கையைக் கட்டிப்போட்டது. அதற்குள் காவலர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மதிலோரத்து மாடியில் துணி உலர்த்த வந்த சேந்தி அதைப் பார்த்தாள். ஒரு வேட்டியை உதறி மதில்மேல் விரித்தாள்.

வாயில் உடைந்தது. வில்லவன் பிழைத்தான். நகரம் மீண்டது.

சபையில் வழக்கு வந்தது. சுவரேறி வருவது திருடன் வழி என்றான் ஆதன். யானையின் காலைத் தன் கால் என்கிறான் என்றான் வில்லவன்.

ஓரமாக நின்ற சேந்தி மெல்லக் கேட்டாள். “பறை ஓஞ்ச பொறவு, அன்னிக்குச் சாயங்காலமே நான் உள்ள போனேனே, சாமி?”

முப்பது வருஷத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே குரலில் பேசினார்கள். “வீட்டுக்குப் போனதெல்லாம் ஒரு நுழைவா?”

சொல்லுங்கள், கழல் யார் காலுக்கு?

அரசர் சொன்னது ‘முதலில் காலடி வைப்பவர்’ என்றுதான். வாளோடா, மூட்டையோடா என்று அவர் சொல்லவில்லை. ஆகவே கழல் சேந்திக்கே. அது அவள் காலில் நிற்காமல் கழன்று விழுந்தது. தட்டானிடம் கொடுத்து அளவு குறைத்துப் போட்டுக்கொண்டாள். ஆதனும் வில்லவனும் அன்றுமுதல் இணைபிரியாத நண்பர்கள். இருவருக்கும் வயிற்றெரிச்சல் இப்போது ஒரே ஆள்மேல்.