சாம்பலுக்குள் போன நெருப்பு

அந்தக் காலத்தில், காற்றும் முயலும் மனிதரோடு வாய் கொடுத்துப் பேசிய நாளில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது.

இன்றைக்குக் கேட்டால் இதெல்லாம் ஒரு சேதியா என்று தோன்றும். அன்று அது துக்கச் சேதி. மரம் அரிதான ஊர் அது. சதுப்பு நிலத்தில் புல் மக்கி இறுகிக் கிடக்கும் புல்கரியைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்துத்தான் எரிப்பார்கள். இரவு முழுக்க வீட்டில் ஒருவர் கண்விழித்து, கங்கில் படியும் சாம்பலைத் தட்டித் தட்டி நெருப்பைக் காக்க வேண்டும். சாம்பல் மூடினால் நெருப்பு மூச்சடைத்துச் செத்துவிடும் என்று அவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஒருவராவது மூடிப் பார்த்தாரா என்றால், இல்லை.

அந்த வீட்டுக்காரி பெயர் மூர்னா. அவள் கணவன் ஃபெர்கல் படகு கவிழ்ந்து, குளிரில் விறைத்துக் கரை சேர்ந்திருந்தான். மூன்று இரவு அவனையும் அடுப்பையும் சேர்த்துக் காத்தவள், நான்காம் நாள் விடியலில் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்தபோது அடுப்பு ஜில்லென்று கிடந்தது. ஃபெர்கலின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் அழுது நேரத்தை வீணாக்கவில்லை. ஒரு மண்சட்டியை எடுத்துக்கொண்டு, சதுப்பைத் தாண்டி அக்காள் ஊனாவின் வீட்டுக்கு அரைநாள் நடந்தாள். அதைவிடப் பக்கத்தில் வேறு வீடு கிடையாது.

ஊனா அடுப்பிலிருந்து மூன்று கங்குகளை எடுத்துச் சட்டியில் இட்டாள்.

"இதோட சரி, மூர்னா. நாளைக்கு மே மாசம் முதல் நாள். அன்னிக்கு வீட்டைவிட்டு நெருப்பு போனா மாட்டு மடி வத்திப்போகும். நீ வாசல்ல வந்து அழுதாலும் என்னால தர முடியாது."

"நாளைக்கு வரமாட்டேன்க்கா. இன்னிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன்" என்றாள் மூர்னா.

சதுப்பில் கால் வைத்ததுமே கடல்காற்று எதிரே வந்து நின்றது.

"சட்டியில என்ன?"

"என் புருஷன் உசுரு. வழி விடு."

"அப்படியா? நானும் ஒரு ஊது ஊதிப் பாக்கறேன்" என்றது காற்று. ஒரு கங்கு ஜொலித்துப் பொடியாய்ப் போனது.

மூர்னா காற்றுக்கு முதுகைக் காட்டி, போர்வையால் சட்டியை மறைத்துக்கொண்டு நடந்தாள். வழக்கப்படி கங்கின் சாம்பலைத் தட்டினாள், ஊதினாள். ஊத ஊதச் சிவந்தது, சிவக்கச் சிவக்கக் கரைந்தது. பாதி வழியில் இரண்டாவதும் போயிற்று. மிச்சம் இருந்தது கட்டைவிரல் அளவு ஒன்று.

அங்கே ஒரு பள்ளத்தில், புல்லோடு புல்லாக ஒரு முயல் ஒடுங்கிக் கிடந்தது.

"எதுக்கு இப்படிக் காத்தோட மல்லுக்கட்டறே?" என்று கேட்டது.

"கட்டினாத்தான் நெருப்பு பிழைக்கும்."

"எனக்குந்தான் உடம்புல சூடு இருக்கு. எழுந்து நின்னா நரிக்குத் தெரிஞ்சுடும். அதான் குழியில படுத்து, மூச்சைக் குறைச்சுக்கிட்டுக் கிடக்கேன்" என்றது முயல். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அதன் கவலை அதற்கு.

மூர்னா சட்டிக்குள் பார்த்தாள். அடியில் இரண்டு கங்குகளின் சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பழகிய வழியில் போனால் அடுத்த மேட்டுக்குள் நெருப்பு அணைவது நிச்சயம். புது வழியில் செத்தாலும் அதைவிட மோசமாக ஒன்றும் ஆகிவிடாது. அவள் சாம்பலை அள்ளி, கடைசிக் கங்கின் மேல் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். ஒரு பொட்டுச் சிவப்பும் தெரியாதபடி முழுக்க மூடினாள்.

காற்று திரும்பி வந்தது. "எங்கே நெருப்பு?"

"நீயே பாத்துக்கோ."

காற்று சட்டியின் வாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. வெறும் சாம்பல். "செத்துப்போச்சு" என்று சிரித்துவிட்டு வேறு பக்கம் போயிற்று.

அது சொன்னது நிஜமாகவே இருக்கலாம் என்று மூர்னாவுக்குப் பயம். ஒரே ஒரு தரம் கிளறிப் பார்த்துவிடலாம் என்று அடிக்கு அடி மனசு அரித்தது. கிளறினால் காற்றுக்குத் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, பார்க்காமலே வீடுவரை நடந்தாள்.

பொழுது சாய்ந்திருந்தது. ஃபெர்கல் கண்ணைத் திறந்தான்.

"கிடைச்சுதா?"

"தெரியல" என்றாள். சட்டியைக் கீழே வைத்துச் சாம்பலுக்குள் விரலை விட்டாள்.

சுட்டது.

"கிடைச்சுது" என்றாள், விரலை வாயில் வைத்துக்கொண்டு. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே புல்கரியை அடுக்கினாள். நெருப்பு பிடித்தது. விடிவதற்குள் ஃபெர்கலின் உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு ஏறியது.

அன்று முதல்தான் அந்தக் கரையோர வீடுகளில், படுக்கப் போகுமுன் கங்குகளைச் சாம்பலால் மூடிவைக்கிறார்கள். அடுப்புக்காக யாரும் கண்விழிப்பதில்லை. கடல்காற்று மட்டும் இன்னமும் புகைபோக்கி வழியே எட்டிப் பார்த்து, வெறும் சாம்பலென்று நினைத்து, ஊளையிட்டுவிட்டுப் போகிறது. காலையில் வீட்டுக்காரி எழுந்து சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள். சுடுகிறது.