தும்பையின் எடை

“என் பட்டியலை ஏன் தள்ளினே? காரணம் சொல்லு.”

பூங்கோதை கதவைத் தட்டக்கூட இல்லை. கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் இதைத்தான் கேட்டாள்.

ரெஜினா அவளுக்கு இரண்டு வருடம் ஜூனியர். ஆனால் பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே ‘தும்பை’ என்ற குட்டி லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியவள் ரெஜினாதான். அதில் என்னென்ன மென்பொருள் முதலிலேயே இருக்க வேண்டும் என்பதில் கடைசி வார்த்தை அவளுடையது. சீனியர்களும் அவளிடம்தான் வந்து கற்றுக்கொண்டார்கள்.

நாளைக் காலை ஒரு கிளை நூலகத்தின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களில் தும்பை ஏறப்போகிறது. இன்று மாலைக்குள் பட்டியல் முடிவாக வேண்டும்.

“காரணம் கேட்டேன்.”

“பழசே போதும்னு தோணுச்சுக்கா.”

“தோணுச்சா! மூணு வாரமா இருபத்திரண்டு மெயில் போட்டிருக்கேன். உன் பட்டியல் ஒன்றரை ஜி.பி. என்னோடது அறுநூறு எம்.பி. லேசான லினக்ஸ்னு சொல்லிக்கிட்டு மூட்டை சுமக்கறே.”

“எதை எடுத்தீங்க?”

“பிரின்டர் சமாச்சாரம், தமிழ் எழுத்துரு, கடிதம் எழுதற உன்னோட அந்தக் குழந்தை விளையாட்டு எடிட்டர். எல்லாத்தையும். வேணுங்கறவங்க ஒரு வரி கமாண்ட் அடிச்சு நெட்ல இருந்து இறக்கிக்கட்டும்.”

“எதைச் சேர்த்தீங்க?”

“என் எடிட்டரை. புரோகிராம் எழுத அதுமாதிரி வேறே கிடையாது.”

ரெஜினா தலையாட்டினாள்.

“இப்படி வாயை மூடிக்கிட்டே ஜெயிக்கலாம்னு பார்க்காதே. ஒத்துக்கலைன்னா தும்பையைப் பிரதி எடுத்துத் தனியாப் பிரிஞ்சுடுவேன். லைசென்ஸ் இடம் கொடுக்குது.”

“தாராளமா. அந்த லைசென்ஸைத் தேர்ந்தெடுத்ததே நான்தானே.”

மூலையில் பத்து வயதுக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ரெஜினா பூங்கோதையின் பட்டியலை அப்படியே அதில் ஏற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“என் மேல புகார் இருக்குல்ல? இதுல தமிழ்ல எழுதுங்க. பிரின்ட் எடுத்து என் கையில கொடுங்க. கொடுத்துட்டா உங்க பட்டியல்தான்.”

“வாக்கு மாற மாட்டியே?”

“மாட்டேன்.”

பூங்கோதை துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். மெஷின் பதினெட்டு வினாடியில் எழுந்தது.

“பாத்தியா வேகம்!”

தட்டினாள். எழுத்துக்கு ஒன்று, அதன் குறிக்கு ஒன்று என்று திரையில் எட்டுக் கட்டங்கள் வந்தன. வெறும் கட்டங்கள்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா எழுதியிருக்கீங்க?”

“என் பேரு.”

“ஓ.”

“இரு, இரு. எழுத்துரு இல்லே. ஒரு வரிதான்.”

கமாண்ட் அடித்தாள். காத்திருந்தாள். மறுபடி அடித்தாள்.

நெட் இல்லை என்றது மெஷின்.

திரும்பினாள். நெட் கேபிள் ரெஜினாவின் விரலில் சுற்றியிருந்தது.

“ஏய், இது அநியாயம்! மாட்டு அதை.”

“அந்த நூலகத்துல நெட் கிடையாதுக்கா.”

“முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“நான் போட்ட முதல் மெயில்ல இரண்டாவது வரி. அதுக்குத்தான் இருபத்திரண்டு பதில் போட்டீங்க.”

பூங்கோதைக்குக் காது சூடேறியது.

திரையைப் பார்த்தாள். எட்டுக் கட்டங்களும் அவளையே பார்த்தன.

“எழுந்திருங்கக்கா, போதும்.” ரெஜினா கேபிளை நீட்டினாள். “இந்தாங்க, மாட்டிக்குங்க.”

பூங்கோதை வாங்கினாள். மாட்டவில்லை. சுருட்டித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“பட்டியலைக் கொடு.”

“எதை?”

“ரெண்டையும். ஒரு பேனாவும்.”

முதல் அடித்தல் கோட்டைத் தன் எடிட்டரின் பெயர் மேலேயே இழுத்தாள்.